மிஸ் கேரளாவின் சொந்த ஊர்

பாலசமுத்திரத்துக்குப் பெயரில் மட்டும்தான் சமுத்திரம். கண்ணுக்கு எதிரே நிற்பது பழனி மலை. கொஞ்சம் தள்ளிப் போனால் பாலாறு பொருந்தலாறு அணை. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கி, வயலுக்குப் போனது போக மிச்சம் சண்முக நதி வழியாக அமராவதிக்கும் அங்கிருந்து காவிரிக்கும் போகிறது.

அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்குப் பிறந்த நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழனிக்குக் கூட்டிப்போய் மீன் தொட்டி வாங்கித் தருகிறார்கள். கண்ணாடித் தொட்டி, காற்றுக் குமிழி விடும் மோட்டார், ஒரு பிளாஸ்டிக் செடி, நீலச் சாயம் அடித்த கூழாங்கல் ஒரு கிலோ. (சாயம் அடிக்காத கூழாங்கல் ஊர் ஆற்றிலேயே இலவசமாகக் கிடக்கிறது. ஆனால் அதை யார் தொட்டியில் போடுவார்கள்?) கடைசியாக ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பையில் நாலைந்து மீன்கள்.

அந்தப் பைக்குள் இருப்பது ஒரு குட்டி ஐக்கிய நாடுகள் சபை! கோல்டு ஃபிஷ் சீனாவில் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் குளத்துக் கெண்டையிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உண்டாக்கியது. கப்பி வெனிசுலா, டிரினிடாட் பக்கத்து ஓடைகளில் இருந்து வந்தது. ஏஞ்சல் அமேசான் படுகைக்காரன். ஃபைட்டர் தாய்லாந்து. ஃப்ளவர் ஹார்னுக்கு ஆறே கிடையாது. மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து 1990களில் மலேசியப் பண்ணைகளில் உருவாக்கிய கலப்பினம் அது. அதற்கு நம் ஊரில் பெயர் வாஸ்து மீன். மலேசியாவில் நேற்றுப் பிறந்த மீனுக்கு நம் பழைய வாஸ்து சாஸ்திரத்தில் எந்த மூலையில் இடம் ஒதுக்கியிருந்தார்களோ தெரியவில்லை.

இத்தனை தேசத்து மீன் இருக்கிற கடையில், இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த மீன் ஏதாவது உண்டா என்று கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். ஆனால் உலகத்தில் உள்ள மீன் தொட்டிக்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வார்கள். மிஸ் கேரளா.

விரல் நீளத்தில் தொடங்கி அரையடி வரை வளரும் மீன் இது. வெள்ளி உடம்பு. மூக்கு நுனியிலிருந்து வால் வரை மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. அதற்கு மேலேயே, மூக்கில் ஆரம்பித்து கண் வழியாக உடம்பின் பாதி வரைக்கும் ரத்தச் சிவப்பில் இன்னொரு கோடு. முதுகுத் துடுப்பிலும் சிவப்பு. வாலில் கறுப்பும் மஞ்சளும். தனியாக இருக்காது, கூட்டமாகத்தான் திரியும். பத்துப் பதினைந்து சேர்ந்து தண்ணீரை எதிர்த்து நீந்தும்போது அத்தனை சிவப்புக் கோடும் ஒரே நேரத்தில் திரும்பும். பாறை இடுக்கில் வேகமாக ஓடுகிற, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும். கலங்கிய குட்டை அதற்கு ஆகாது.

"மிஸ் கேரளா" என்பது வியாபாரிகள் வைத்த பெயர். அதற்கு முன்பே மலையாளத்தில் பெயர் உண்டு. செங்கணியான் என்பார்கள், சோரக்கண்ணி என்பார்கள். மலையாளத்தில் சோர என்றால் ரத்தம். நம்மிடமும் சோரி என்று அதே சொல் பழைய நூல்களில் இருக்கிறது, நாம்தான் பேச்சில் தொலைத்துவிட்டோம். கண்ணில் ரத்தம் வடிகிற மாதிரி கோடு இருப்பதால் சோரக்கண்ணி. ஆற்றங்கரையில் தினமும் அதைப் பார்த்த யாரோ ஒருவர் வைத்த பெயர் அது. அழகிப் போட்டிப் பெயரை விட எவ்வளவோ மேல்!

விஞ்ஞானத்தில் அதற்குக் கிடைத்த பெயர் மூன்றாவது கதை, அதில் நம் சென்னை வருகிறது. ஃபிரான்சிஸ் டே என்று ஒரு ஆங்கிலேய மருத்துவர், மதராஸ் ராணுவத்தில் வேலை. உத்தியோகம் வைத்தியம், உயிர் எல்லாம் மீனில். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1865-இல், திருவிதாங்கூர் மலைப்பகுதியில் முண்டக்கயத்தில் கிடைத்த இந்த மீனை அவர் முதன்முதலாக விவரித்தார். அப்போது மதராஸ் கவர்னராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். அந்தக் கால வழக்கப்படி மேலிடத்துப் பெயர் மீனுக்குப் போனது: டெனிசோனி. டேக்கு லண்டன் அருங்காட்சியகத்து மீன் நிபுணர் குந்தரோடு ஒத்துப்போகவில்லை. அதனால் தன் சேகரிப்பில் பெரும் பங்கை ஆஸ்திரேலியாவுக்கு விற்றார். நம் ஆறுகளில் பிடித்த மீன்கள் இன்றும் சிட்னியில் புட்டிக்குள் இருக்கின்றன. 2013-இல் விஞ்ஞானிகள் இந்த மீனுக்கும் அதன் சாலக்குடிச் சகோதரிக்கும் தனிப் பேரினம் ஒதுக்கி சகியாத்ரியா என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சகோதரி 1999-இல்தான் தனி இனம் என்று அடையாளம் காணப்பட்டாள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், முதுகுத் துடுப்பில் மட்டும் சிவப்புக்குப் பதில் கறுப்புத் திட்டு.

ஆக, கவர்னர் பெயர் ஒன்று, அழகிப் பெயர் ஒன்று, மலையின் பெயர் ஒன்று. சோரக்கண்ணி என்று கூப்பிட்டவர்களுக்கு மட்டும் எதிலும் பங்கு இல்லை. பெயரில் நடந்ததுதான் பணத்திலும் நடந்தது.

130 வருடம் இந்த மீனை வெளியுலகம் கண்டுகொள்ளவில்லை. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாரமா வண்ண மீன் கண்காட்சியில் புதிய இனங்கள் பிரிவில் இது மூன்றாம் பரிசு வாங்கியது. அவ்வளவுதான். ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பண்ணையில் வளர்க்க அப்போது யாருக்கும் தெரியாது, எனவே ஒவ்வொரு மீனும் ஆற்றிலிருந்தே வந்தாக வேண்டும். ஏற்றுமதிக் கணக்குகளைத் தோண்டிப் பார்த்து ராஜீவ் ராகவனும் அவர் கூட்டாளிகளும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2005 முதல் 2012 வரை, அழியும் ஆபத்தில் உள்ள 30 வகை நன்னீர் மீன்கள் 15 லட்சத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி ஆகியிருக்கின்றன. அதில் மிஸ் கேரளாவும் சகோதரியும் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல். ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த இனங்களில் இவர்களும் உண்டு. இது கணக்கில் வந்தது. வழியில் செத்தது எந்த இன்வாய்ஸிலும் வராது.

வணிகம் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிச் சந்தை புதிதல்ல. மீன் பிடிப்பவர் ஒருவர். அவரிடம் வாங்குகிற தரகர் ஒருவர். அவருக்கு மேல் நகரத்து ஏற்றுமதியாளர், அவருக்கு மேல் வெளிநாட்டு மொத்த வியாபாரி, கடைசியில் கடை. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. தண்ணீரில் இறங்கியவர் கைக்கு வருவது மிகக் கீழ்ப் படியின் விலை. அவர் கொஞ்சம் பொறுத்து, குஞ்சுகள் பெரிதாகட்டும் என்று விட்டு வைக்கலாமே என்று சொல்வது சுலபம். இன்று இவர் விட்டால் நாளை வேறொருவர் பிடிப்பார். ஆறு யாருக்கும் சொந்தமில்லை என்றால் பொறுமைக்கு லாபம் இல்லை, அவசரத்துக்குத்தான் லாபம்.

இதற்கு அரசாங்கம் வந்து பூட்டுப் போடுவதுதான் ஒரே வழி என்று நினைப்பவர்கள் சித்திரை, வைகாசியில் திண்டுக்கல், மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே மீன்பிடித் திருவிழா என்று ஒன்று நடக்கிறது. கண்மாயில் தண்ணீர் வற்றும் வரை யாரும் வலை போடுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்து, வெள்ளைத் துண்டையோ கொடியையோ வீசியதும் மொத்த ஊரும் ஊத்தாவும் வலையுமாக இறங்கும். அன்றைக்குப் பிடித்தது அவரவர் வீட்டுக் குழம்புக்கு. அதுவரை கண்மாயைக் காவல் காப்பது போலீஸ் அல்ல, ஊர்க் கட்டுப்பாடு. பொதுச் சொத்தை மக்களே கூடி விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் ஊர்க் கிழவர்களுக்கு அது செய்தியாகவே இருந்திருக்காது.

கேரளத்தில் என்ன நடந்தது? 2008-இல் மாநில அரசு ஒரு உத்தரவு போட்டது. இன்ன மாதங்களில் பிடிக்கக் கூடாது, இன்ன அளவு மீனைப் பிடிக்கக் கூடாது என்று விதிகள். நல்ல நோக்கம்தான். மூடிய மாதங்கள் ஜூன், ஜூலை, அக்டோபர். ஆனால் அந்த மீன் முட்டையிடும் காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை என்று ஆய்வாளர்கள் பிறகு காட்டினார்கள். அதாவது மீன் சும்மா இருந்த மாதங்களில் தடை, முட்டையிட்ட மாதங்களில் பெரும்பாலும் அனுமதி! மழைக்காலம் என்றாலே மீன் சினைக்காலம் என்று பொதுவாக எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. சோரக்கண்ணி என்று பெயர் வைத்தவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாள் குறிக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கொச்சிக்குப் பக்கத்தில் பனங்காடு மீன்வளக் கல்லூரியில் டி.வி. அன்னா மெர்சியின் குழு, ஹார்மோன் ஊசி போட்டு இந்த மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இனி ஆற்றில் கை வைக்காமலே சந்தைக்கு மீன் தரலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அதைப் பெரிய தொழிலாக்கியவர்கள் நாம் அல்ல. இந்தோனேசியா போன்ற தென்கிழக்கு ஆசிய நாட்டுப் பண்ணைகள் லட்சக்கணக்கில் வளர்க்க ஆரம்பித்தன. மிஸ் கேரளா இன்று உலகத்துக் கடைகளில் கிடைக்கிறது, கேரளத்திலிருந்து வராமலே.

அடுத்தது சட்டம். 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இந்த மீனின் பெயரும் ஏறியது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. கேட்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. புலியும் யானையும் உள்ள சட்டத்தில் விரல் நீள மீனுக்கும் ஒரு இடம்! ஆனால் பட்டியலில் இருப்பது இனத்தின் பெயர். ஆற்றில் பிடித்த மீன், பண்ணையில் பிறந்த மீன் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியானால் ஊசி போட்டு, முட்டை பொரித்து, வளர்க்கக் கற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர் கதி என்ன? இந்தோனேசியப் பண்ணைக்காரருக்கு இந்தியச் சட்டம் பொருந்தாது. தடையால் கடை மூடுவது சொந்த ஊர்க்காரர் மட்டும்.

பண்ணை மீன் என்று சொல்லி ஆற்று மீனை விற்றுவிடுவார்கள், அதனால் மொத்தமாகத் தடுப்பதே நல்லது என்று ஒரு வாதம் உண்டு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு மீனையும் பக்கத்தில் வைத்தால் வனத்துறைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காக நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்து மூடினால், யாரும் நல்ல வழிக்கு வரத் தேவையே இல்லாமல் போகும். பண்ணைக்குப் பதிவு, தாய் மீனுக்குக் கணக்கு, விற்கும் தொகுதிக்குச் சான்று என்று செய்ய முடியாத காரியமா? பட்டுப்புடவைக்கும் தங்கத்துக்கும் முத்திரை குத்துகிற நாடு இது.

அதே நேரம், பண்ணை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்சிலோஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. கார்டினல் டெட்ரா என்ற சிவப்பு நீல மீனைப் பிடித்து உலகத்துக்கு அனுப்பியே பிழைத்த ஊர். அந்த மீன் பெரும்பாலும் ஒரு வருடம்தான் வாழும். வெள்ளம் வடிந்ததும் குட்டைகளில் சிக்கிக் கூட்டம் கூட்டமாகச் சாகும். அதனால் பிடித்தாலும் ஆறு குறைந்து போகவில்லை. மீன் விற்ற பணம் இருந்ததால் மரம் வெட்டவோ காட்டை அழித்து மாடு மேய்க்கவோ மக்களுக்கு அவசியம் வரவில்லை. ஒரு மீன் வாங்கினால் ஒரு மரம் பிழைக்கும் என்பதுதான் அங்கே வேலை செய்த பியாபா திட்டத்தின் கோஷம். பிறகு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பண்ணைகள் அதே மீனை வளர்க்க, பார்சிலோஸின் வியாபாரம் சரிந்தது. மீனைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு, காட்டைக் காத்து வந்த வருமானத்தை வெட்டிவிட்டார்கள்.

நம் சோரக்கண்ணி ஒரு வருட மீன் அல்ல, அதை அந்த மாதிரி அள்ள முடியாது. ஆனால் கேள்வி ஒன்றுதான். ஆறு நன்றாக இருந்தால் கரையில் இருப்பவருக்கு ஏதாவது கிடைக்குமா? ஒன்றும் கிடைக்காது என்றால், ஆற்றில் தோட்டா போட்டு மீன் பிடிப்பவனை, விஷம் கலக்குபவனை, இரவில் மணல் அள்ளுகிற லாரியை அவர் ஏன் தடுக்க வேண்டும்? தாய் மீனை ஆற்றுப் பகுதி மக்களிடமே ஒப்படைத்து, பண்ணையை அவர்கள் கூட்டுறவாக நடத்த, லாபத்தில் ஒரு பங்கு ஆற்றுக் காவலுக்குப் போனால் சட்டத்துக்கு ஊர் துணை நிற்கும். இல்லாவிட்டால் அது கெஜட்டில் மட்டும் இருக்கும்.

"இதெல்லாம் கேரளாக்காரர் பாடு, நமக்கென்ன?" என்று பழனிப் பக்கத்தில் யாராவது கேட்கலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பழனி மலையை ஒட்டி மேற்கே ஆனைமலை. அங்கே பிறக்கும் சோலையாறும் பரம்பிக்குளம் ஆறும்தான் கீழே போய் மற்றவற்றோடு சேர்ந்து சாலக்குடி ஆறாகின்றன. அதாவது மிஸ் கேரளாவின் சகோதரி குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி வால்பாறையில் பெய்த மழை. அந்தத் தண்ணீரைப் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் கிழக்கே திருப்பித்தான் பொள்ளாச்சி, உடுமலை வயல்கள் விளைகின்றன. பரம்பிக்குளம் அணை இருப்பது கேரளத்தில், நடத்துவது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் அந்த அணையின் மதகு ஒன்று உடைந்தபோது வெள்ளம் சாலக்குடிக்குத்தான் பாய்ந்தது. மதகு உடைந்த அன்று மட்டும் இரண்டு மாநிலமும் ஒரே ஆறு என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

விவசாயத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தென்னைக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிற ஒப்பந்தங்களில், ஆறு ஆறாக ஓட எவ்வளவு என்று ஒரு வரி கூடாதா? ஓடுகிற தண்ணீரில் மட்டும் வாழத் தெரிந்த மீனுக்கு அந்த ஒரு வரிதான் எல்லாம்.

தமிழ்நாட்டு ஆறுகளிலும் அழகிகள் இல்லாமல் இல்லை. தாமிரபரணியில் மட்டும் வாழும் ஒரு கெண்டை இருக்கிறது. முதுகுத் துடுப்பின் கதிர்கள் இழை இழையாக நீண்டு, உடம்பில் கறுப்புத் திட்டுகளோடு இருக்கும். 1954-இல் இ.ஜி. சைலஸ் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே வைத்தார். 2012-இல் அது சேர்ந்த பேரினத்துக்கு டாகின்சியா என்று புதுப் பெயர் வந்தது, ரிச்சர்ட் டாகின்ஸைக் கௌரவிக்கும் விதமாக. பொதிகையில் பிறந்த மீன் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பெயரைச் சுமந்துகொண்டு திருநெல்வேலி வழியாகக் கடலைப் பார்த்து நீந்துகிறது! அதுவும் அழியும் ஆபத்தில் உள்ள மீன்தான். மிஸ் கேரளாவைத் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது இதைத் தெரியுமா? கவனம் கிடைக்கும் முன்பே திட்டம் போட வேண்டும். சிங்கப்பூரில் பரிசு வாங்கிய பிறகு விழித்துக்கொண்டால் மறுபடியும் 2008 உத்தரவு மாதிரிதான் ஆகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் மீன் வெளியே போகிறது, வெளி மீன் உள்ளே வருகிறது. தொட்டியில் பாசி தின்னட்டும் என்று டேங்க் கிளீனர் வாங்குவார்கள். தென் அமெரிக்காக் கெளுத்தி வகை, உடம்பெல்லாம் முள் தகடு. வாங்கும்போது விரல் நீளம், பிறகு ஒரு முழத்துக்கு வளரும். தொட்டி கொள்ளாது. கொல்ல மனம் வராது. அருகில் உள்ள ஏரியில் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்த நிம்மதியோடு வருவார்கள். அது அங்கே பெருகி, வலையைக் கிழித்து, மற்ற மீனின் தீனியைத் தின்று, மீனவருக்குத் தொல்லையாகிவிட்டது. விற்கவும் முடியாது, யாரும் சாப்பிடுவதில்லை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் அராபைமா, அலிகேட்டர் கார் போன்ற ராட்சத மீன்களே வலையில் வந்தன. எல்லாம் யாரோ ஆசையாகத் தொட்டியிலும் குளத்திலும் வளர்த்தவை. இந்த வியாபாரத்தைப் பற்றிச் சட்டம் அதிகம் பேசுவதில்லை. மிஸ் கேரளாவைத் தொட்டியில் வைத்தால் குற்றம், டேங்க் கிளீனரை அணையில் விட்டால் கேட்க ஆளில்லை.

பாலசமுத்திரத்துப் பையனின் தொட்டிக்கு வருவோம். கோல்டு ஃபிஷ் இரண்டு மாதத்தில் செத்திருக்கும், பெரும்பாலும் அதிகமாகத் தீனி போட்டதால். கப்பி பெருகியிருக்கும். டேங்க் கிளீனர் இப்போது கண்ணாடியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடிக்கிறது. வீட்டில் இருந்து அணை கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியை எடுக்கும்போது, பையன் பிளாஸ்டிக் வாளியோடு பின்னால் ஏறி உட்காருவான்.

அந்த வாளியை எங்கே கொண்டுபோய்க் கவிழ்க்கலாம் என்று கடைக்காரர் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வது அவர் கடமை என்று ஒரு விதி போதும். அதற்கு நாடாளுமன்றம் கூடக் கூட வேண்டாம், கடை உரிமத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.